வீட்டில் பேஸ் கிட்டார் பதிவு: கம்ப்ரஸர் வாங்குமுன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

சர்ச்சில் வாசிக்கிறவர்கள், கல்லூரி பாண்டில் இருக்கிறவர்கள், வேலை முடிந்து வந்து ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு ட்ராக் போட்டு அனுப்புகிறவர்கள் என்று ஆள் மாறினாலும் என்னிடம் வருகிற சந்தேகம் மாறுவதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

கம்ப்ரஸர்னு தேடினா ஏசியும் பஞ்சர் கடையும்தான் வருது. நீங்க சொல்றது எது?

காற்றை அமுக்குவது அது, சத்தத்தை அமுக்குவது இது. நீங்கள் ஓங்கி வாசித்த நோட்டைக் கொஞ்சம் தணித்து, மெதுவாக வாசித்த நோட்டை அப்படியே விட்டுவிட்டு, மொத்தத்தையும் மேலே தூக்கினால் இரண்டுக்கும் உள்ள தூரம் குறையும். மிக்ஸரில் ஒரு விரலை ஃபேடர் மேல் வைத்துக்கொண்டு, சத்தம் ஏறும்போதெல்லாம் இறக்குகிற ஆளைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அந்த ஆள் தூங்க மாட்டார், கவனம் சிதற மாட்டார்.

மற்ற வாத்தியங்களைவிடப் பேஸுக்கு இது அதிகம் தேவைப்படக் காரணம் உண்டு. திறந்த ஈ கம்பியின் கனமும் ஜி கம்பியில் 12-ஆம் ஃப்ரெட்டின் கனமும் ஒன்றல்ல. இளையராஜா பாட்டுகளில் வருகிற மாதிரி மேலும் கீழும் தாவுகிற, தனியாகவே ஒரு மெட்டுப் போல நடக்கிற பேஸ் வரிகளை வீட்டில் வாசித்துப் பாருங்கள். பாதி நோட்டு முன்னால் வந்து நிற்கும், பாதி நோட்டு தபேலாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

த்ரெஷோல்ட், ரேஷியோ, அட்டாக், ரிலீஸ். இந்த நாலையும் ஒரே தடவை சொல்லிடுங்க, திரும்பக் கேட்க மாட்டேன்.

த்ரெஷோல்ட் ஒரு கோடு. சத்தம் அந்தக் கோட்டைத் தாண்டினால்தான் கம்ப்ரஸர் வேலையைத் தொடங்கும். தாண்டிய பகுதியை எவ்வளவு சுருக்குவது என்பது ரேஷியோ. கணக்காகவே பார்ப்போம்: பதிவில் சத்தத்தை டெசிபலில் அளப்பார்கள், பூஜ்யம்தான் உச்சம். கோடு மைனஸ் 20 டெசிபலில் இருக்கிறது, நீங்கள் ஒரு நோட்டை மைனஸ் 8-ல் அடிக்கிறீர்கள். 12 டெசிபல் தாண்டிவிட்டது. ரேஷியோ 4:1 என்றால் அந்த 12 வெறும் 3 ஆகும், நோட்டு மைனஸ் 17-ல் வெளியே வரும். 9 டெசிபல் குறைந்திருக்கிறது. இந்த 9-ஐத்தான் கெயின் ரிடக்‌ஷன் மீட்டர் காட்டும். குறைந்ததை ஈடுகட்ட மொத்தத்தையும் ஏற்றுவது மேக்கப் கெயின்.

கோட்டைத் தாண்டியபின் எவ்வளவு வேகமாக அமுக்குவது என்பது அட்டாக், அமுக்கிய கையை எவ்வளவு வேகமாக எடுப்பது என்பது ரிலீஸ். முதல் இரண்டையும் எல்லாரும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். பேஸில் ஆட்டத்தைக் கெடுப்பதும் காப்பாற்றுவதும் பின்னாலுள்ள இரண்டுதான்.

பட்ஜெட் கம்மி. முதல்ல எதை வாங்கணும்?

ஒன்றும் வாங்க வேண்டாம். நீங்கள் பதிவு செய்கிற சாஃப்ட்வேரிலேயே ஒரு கம்ப்ரஸர் இருக்கிறது. ரீப்பரில் ரியாகாம்ப். லாஜிக்கில் இருக்கிற கம்ப்ரஸரில் விசிஏ, ஃபெட், ஆப்டோ என்று பல வகையும் உள்ளேயே உண்டு (இவை என்னவென்று பின்னால் வருகிறது). ரீப்பரை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், அப்புறம் தனிநபர் உரிமம் 60 டாலர்.

கையில் காசு இருக்கிறது, செலவழித்தே ஆக வேண்டும் என்றால் வரிசை இப்படி: புதுக் கம்பி, நல்ல செட்டப் (கம்பி உயரம், கழுத்து வளைவு சரிசெய்வது), பேஸ் கேட்கிற மாதிரியான ஹெட்போன். லேப்டாப் ஸ்பீக்கரில் திறந்த ஈ கம்பியின் 41 ஹெர்ட்ஸ் அடிநாதம் வராது. வராத சத்தத்தை எந்தக் கம்ப்ரஸரை வைத்து எப்படிச் சரிசெய்வீர்கள்? இந்த மூன்றுக்கும் பிறகுதான் கம்ப்ரஸருக்குப் பணம்.

ஃப்ரீ ப்ளக்இன் எல்லாம் டம்மிதானே?

இல்லை. ப்ளக்இன் என்றால் பதிவு சாஃப்ட்வேருக்குள் சேர்த்துக்கொள்கிற துணை மென்பொருள். டோக்கியோ டான் வெளியிட்ட கோடெல்னிகாவ் இலவசம், சுத்தமாக வேலை செய்யும், சத்தத்தில் தன் நிறத்தைப் பூசாது. அனலாக் அப்செஷனின் லாலா, ஃபெட்டிஷ் இரண்டும் இலவசம், பழைய கருவிகளின் குணத்தோடு வருகின்றன. க்ளாங்ஹெல்மின் டிசி1ஏ-வில் குமிழ்கள் இரண்டே இரண்டு, குழம்ப வழியில்லை.

ஆனால் எட்டு ப்ளக்இன் இறக்கி வைத்துக்கொண்டு எட்டையும் அரைகுறையாகத் தெரிந்துகொள்வதில் பிரயோஜனம் இல்லை. என் யோசனை: மூன்று மாதம் ரியாகாம்ப் மாதிரி எல்லாக் குமிழும் வெளியே தெரிகிற ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்காதுதான். வருமான வரி படிவம் மாதிரி இருக்கும். பழகிவிட்டால் வேறெந்தக் கம்ப்ரஸரிலும் தடுமாற மாட்டீர்கள்.

ரெக்கார்ட் பண்ணும்போதே போடணுமா, அப்புறமாவா?

அப்புறம். சாம்பாரில் போட்ட உப்பை எடுக்க முடியாது என்பது போலத்தான் இதுவும். அமுக்கிப் பதிவு செய்ததை யாராலும் பழையபடி விரித்துத் தர முடியாது. பேஸை இன்டர்ஃபேஸில் (வாத்தியத்தையும் கம்ப்யூட்டரையும் இணைக்கிற பெட்டி) இன்ஸ்ட் என்று போட்டிருக்கிற இன்புட்டில் செருகி, 24 பிட்டில், ஓங்கி அடிக்கிற இடத்தில்கூட மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாத மாதிரி கெயின் வைத்துப் பதிவு செய்யுங்கள். சிவப்பு விளக்கு எரியும்வரை ஏற்ற வேண்டும் என்பது கேசட் காலத்துப் பழக்கம்.

விதிவிலக்கு ஒன்று. சிலருக்குக் கம்ப்ரஸரின் பிடி காதில் கேட்டால்தான் கை சரியாக ஓடும். அவர்களுக்குப் பெடல், அதாவது காலடியில் வைத்து மிதிக்கிற கம்ப்ரஸர் பெட்டி, நல்லது. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்த நம்பர்ல வைக்கணும்னு நேரா சொல்லுங்க, அப்படியே வெச்சுக்கறேன்.

தொடங்குகிற இடம் சொல்கிறேன், அங்கேயே தங்கிவிடாதீர்கள். ரேஷியோ 4:1, அட்டாக் 30 மில்லிசெகண்ட், ரிலீஸ் 200 மில்லிசெகண்ட். த்ரெஷோல்டை மேலேயிருந்து மெல்ல இறக்குங்கள். ஓங்கிய நோட்டுகளில் மீட்டர் 4 முதல் 6 டெசிபல் காட்டும்போது நிறுத்துங்கள்.

இனி பாட்டைப் பார்த்து ரிலீஸை நகர்த்த வேண்டும். 90 பிபிஎம் (நிமிடத்துக்கு 90 தட்டு) பாட்டில் எட்டாம் நோட்டு ஒன்று 333 மில்லிசெகண்ட் நீளும். அடுத்த நோட்டு விழுவதற்குள் மீட்டர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். வராமல் தொங்கிக்கொண்டே இருந்தால் ரிலீஸ் நீளம் அதிகம், ஒவ்வொரு நோட்டும் முந்தைய நோட்டின் தண்டனையை அனுபவிக்கிறது. நோட்டு முடியும் முன்பே துள்ளித் திரும்பினால் வால் பகுதி திடீரென்று வீங்கிக் கேட்கும். மீட்டர் பாட்டோடு தலையாட்டுகிற மாதிரி தெரிந்தால் கிட்டத்தட்ட சரி. அட்டாக்குக்கு விரல் ஓசைதான் அளவுகோல். கம்பியைத் தட்டுகிற அந்த முதல் 'டுக்' காணாமல் போனால் அட்டாக்கை நீட்டுங்கள். அதுவே உறுத்தினால் 10-க்குக் கீழே கொண்டுவாருங்கள்.

கம்ப்ரஸர் போட்டதும் லோ நோட் கரகரன்னு உடையுது. பேஸ்லதான் ப்ராப்ளமா?

இதே சந்தேகத்தில் நான் காசை விட்டிருக்கிறேன். ஈ கம்பியில் வாசித்தால் மட்டும் அடியில் ஒரு கரகரப்பு, தகர டப்பாவில் மணல் போட்டு ஆட்டுகிற மாதிரி. கேபிள் மாற்றினேன். கம்பி மாற்றினேன். கடைசியில் பேஸை ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்அப்பின் வயரையும் வால்யூம் குமிழின் வயரையும் சால்டர் வைத்துத் திரும்ப ஒட்டி வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து மாட்டினால் அதே மணல். பத்து நாள் கழித்து ட்ராக்கை மியூட் பண்ணப் போய்த் தவறுதலாகக் கம்ப்ரஸரை விலக்கிவிடுகிற பைபாஸ் பொத்தானை அழுத்திவிட்டேன். மணல் நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். திறந்த ஈ கம்பி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஒரு அலை ஏறி இறங்கி முடிய 24 மில்லிசெகண்ட் ஆகும். ஐந்து கம்பி பேஸின் லோ பி என்றால் 32 மில்லிசெகண்ட். நான் 'டைட்டா இருக்கட்டும்' என்று அட்டாக்கை 1-லும் ரிலீஸை 10-லும் வைத்திருந்தேன். அவ்வளவு வேகத்தில் கம்ப்ரஸருக்கு அது ஒரு நோட்டாகவே தெரியாது. ஒவ்வொரு அலையின் மேட்டையும் தனியாக அமுக்கி, பள்ளத்தில் கையை எடுத்து, மறுபடி மேட்டில் அமுக்கும். அலையின் வடிவமே மாறிப்போகும். அதைத்தான் காது கரகரப்பு என்கிறது.

மருந்து எளிது. ரிலீஸை 80-க்கு மேல் கொண்டுபோங்கள். ரியாகாம்பில் ஆர்எம்எஸ் சைஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை 30-க்குப் பக்கத்தில் வைத்தால் அது அலையை விட்டுவிட்டு நோட்டின் சராசரிக் கனத்தைப் பார்க்கத் தொடங்கும். இதற்கும் அடங்கவில்லை என்றால்தான் கடைக்குப் போக வேண்டும்.

விசிஏ, ஃபெட், ஆப்டோன்னு சொல்றாங்களே, பேஸுக்கு எது?

அமுக்குகிற வேலையை எந்த உறுப்பு செய்கிறது என்பதை வைத்து வந்த பெயர்கள். ஆப்டோவில் ஒரு விளக்கும் ஒளியை உணரும் ஒரு மின்தடையும் இருக்கும். சத்தம் கூடினால் விளக்கு பிரகாசமாகும், மின்தடை மாறும், சத்தம் தணியும். 1960-களில் வந்த டெலிட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ இந்த வகை. ரிலீஸின் முதல் பாதி சட்டென்று நடக்கும், மீதி நொடிக்கணக்கில் ஊர்ந்து வரும். அதனால் நீட்டி வாசிக்கிற மெலடிக்கான பேஸ் அதில் பட்டுப் போல உட்காரும். மேலே சொன்ன லாலா இதன் வழியில் வந்ததுதான்.

ஃபெட் வகைக்குத் தலைமகன் 1176. அதன் அட்டாக் 20 மைக்ரோசெகண்டில் தொடங்கி 800-ல் முடிகிறது. மிக மெதுவான இடத்தில் வைத்தாலும் ஒரு மில்லிசெகண்டைத் தொடாது. குமிழும் தலைகீழ், பெரிய எண்தான் வேகம். அப்படியானால் போன கேள்வியில் சொன்ன கரகரப்பு வராதா என்றால், ரிலீஸையும் வேகமாக வைத்தால் வரும். ராக் வாசிக்கிறவர்கள் அதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். நான் பிழை என்று கடைக்குத் தூக்கிப்போனதை அவர்கள் டோன் என்கிறார்கள்!

விசிஏ அளவாக, சொன்ன பேச்சைக் கேட்கும், விலையும் மட்டு. எதுவும் தெரியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இது.

பெடல்தான் வாங்கப் போறேன், முடிவு பண்ணிட்டேன். எது?

பிராண்டுக்கு முன்னால் இரண்டு விஷயம் பாருங்கள். கெயின் ரிடக்‌ஷனைக் காட்ட விளக்கு வரிசை இருக்கிறதா? ரிலீஸுக்காவது தனிக் குமிழ் இருக்கிறதா? கற்றுக்கொள்கிற காலத்தில் கண்ணுக்கு மீட்டர் இல்லாவிட்டால் காது ஏமாறும்.

இந்தக் கணக்கில் எம்எக்ஸ்ஆர் எம்87 எனக்குப் பிடித்தது. இன்புட், அவுட்புட், அட்டாக், ரிலீஸ், ரேஷியோ என்று ஐந்தும் தனித்தனி, மீட்டர் விளக்குகளும் உண்டு. ஸ்டூடியோக் கருவியை ஒரு பெட்டிக்குள் மடித்து வைத்தது போல இருக்கும், இதில் பழகினால் ப்ளக்இன்னும் எளிதாகும். பாஸ் பிசி-1எக்ஸ் டிஜிட்டல், சத்தத்தைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து அமுக்கும். அட்டாக் குமிழ் கிடையாது, ஆனால் தப்பாக வைப்பதும் கடினம். டிசி எலக்ட்ரானிக் ஸ்பெக்ட்ராகாம்ப் ஒரே குமிழ், சின்னப் பெட்டி. மேடைக்கு வசதி, கற்றுக்கொள்ள உதவாது.

அடாப்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். 9 வோல்ட், நடுமுனை நெகடிவ் என்று பார்த்து வாங்குங்கள். ரவுட்டருக்கு வந்த அடாப்டரை மாட்டி வைத்துவிட்டு 'பெடல் இரையுது' என்று என்னைக் கூப்பிட்டவர்கள் மூன்று பேர்.

தம்பியோட கிட்டார் கம்ப்ரஸர் சும்மா கிடக்கு. அது போதாதா?

மாட்டிப் பாருங்கள், ஒன்றும் உடையாது. ஆனால் டைனா காம்ப் மாதிரி இரண்டு குமிழ் பெடல்களில் அட்டாக், ரிலீஸ் நம் கையில் இல்லை. அடிக்கனம் மெலிந்ததாகத் தோன்றினால் கழற்றிவிடுங்கள்.

பழைய ரேக் கம்ப்ரஸர் ஒண்ணு சல்லிசா வருது. வாங்கிப் போடலாமா?

வாங்குவதற்கு முன் உங்கள் இன்டர்ஃபேஸின் பின்பக்கத்தைப் பாருங்கள். டிபிஎக்ஸ் 266எக்ஸ்எஸ் மாதிரி ரேக் கருவிகள் (ஸ்டூடியோ அலமாரிச் சட்டத்தில் பொருத்துபவை) லைன் லெவலுக்காக, அதாவது பிக்அப்பைவிடப் பலமான சிக்னலுக்காகச் செய்யப்பட்டவை. பேஸை நேராக அதில் செருகினால் மழுங்கிக் கேட்கும். பேஸின் பிக்அப்புக்கு எதிரே சுமார் 10 லட்சம் ஓம் இருக்க வேண்டும், லைன் இன்புட்டில் அதில் சிறு பங்குதான் கிடைக்கும்.

ஆகவே பதிவு செய்த ட்ராக்கை இன்டர்ஃபேஸிலிருந்து வெளியே அனுப்பி, ரேக்கைச் சுற்றித் திரும்ப உள்ளே வாங்க வேண்டும். இரண்டே அவுட்புட் இருக்கிற இன்டர்ஃபேஸில் அவை ஸ்பீக்கருக்குப் போய்விடும், மிச்சமில்லை. நாலு அவுட்புட் இன்டர்ஃபேஸ், ஒழுங்கான கேபிள்கள், வைக்க இடம் என்று கூட்டினால் சல்லிசு சல்லிசாக இருக்காது. நாலு அவுட்புட் ஏற்கெனவே இருக்கிறவர் தாராளமாக வாங்கலாம், குமிழ்களைத் திருகிக் கரகரப்பு இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

போடும்போது சூப்பரா இருக்கு, மறுநாள் கேட்டா உயிரே இல்லை. ஏன்?

மேக்கப் கெயின் உங்களை ஏமாற்றிவிட்டது. ஒரே சத்தத்தை 2 டெசிபல் கூட்டிப் போட்டால் எந்தக் காதும் அதைத்தான் நல்லது என்று சொல்லும். கம்ப்ரஸர் ஆனில் இருந்தாலும் பைபாஸில் இருந்தாலும் சத்தம் ஒரே அளவாகக் கேட்கிற மாதிரி முதலில் மேக்கப் கெயினை வையுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பைபாஸை நாலைந்து தடவை தட்டுங்கள், எது எது என்று மறந்துபோகிற அளவுக்கு. அதற்குப் பிறகும் பிடிப்பதை வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பார்த்ததில் என் பழைய ட்ராக்குகளில் பாதிக்குக் கம்ப்ரஷனைப் பாதியாகக் குறைத்தேன்.

பேஸைத் தனியாக சோலோ போட்டுக் கேட்டு முடிவெடுப்பதும் ஒரு காரணம். டிரம்ஸோடு கேட்டுத்தான் திருக வேண்டும்.

கம்ப்ரஸர் போட்டா 'ம்ம்ம்'னு இரைச்சல் கூடுது.

இரைச்சல் முன்பே இருந்தது. நோட்டுகளை அமுக்கி, மொத்தத்தையும் தூக்கியதில் நோட்டுக்கு இடையே கிடந்த இரைச்சலும் மேலே வந்துவிட்டது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த 'ம்ம்ம்' 50-லும் 100-லும் நிற்கும். பேஸின் அடிநாதமும் அங்கேதான் இருப்பதால் ஈக்யூ (குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் ஏற்றி இறக்குவது) போட்டு வெட்ட முடியாது. இரண்டு ஒற்றைச் சுருள் (சிங்கிள் காயில்) பிக்அப் உள்ள ஜாஸ் பேஸ் வகையாக இருந்தால் இரண்டு பிக்அப் வால்யூமையும் முழுதாகத் திறந்து பாருங்கள், ஒன்றையொன்று பெருமளவு அடித்துவிடும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பாட்டரியில் ஒரு டேக் எடுத்துப் பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டரையும் சந்தேகப்படலாம்.

ஒரு நோட் மட்டும் பூம்னு வீங்குது, இன்னொண்ணு செத்துக் கிடக்கு. கம்ப்ரஸர் சரி பண்ணுமா?

வீங்குகிற நோட்டை முதலில் ஹெட்போனில் கேளுங்கள். அங்கே வீங்கவில்லை என்றால் குற்றவாளி உங்கள் அறை. நேராக இன்டர்ஃபேஸில் செருகிய பதிவில் அறை கிடையாது, ஸ்பீக்கரில் கேட்கும்போதுதான் நுழைகிறது. ஹெட்போனிலும் வீங்கினால், சாதாரணக் கம்ப்ரஸர் அந்த நோட்டு வரும்போது எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கும். அந்த அலைவரிசையை மட்டும் தொடுகிற மல்டிபேண்ட் அல்லது டைனமிக் ஈக்யூ வேண்டும். ரீப்பரில் ரியாஎக்ஸ்காம்ப் அதற்குப் போதும்.

செத்த நோட்டு வேறு கதை. ஃபெண்டர் வகை பேஸ்களில் ஜி கம்பியில் 5 முதல் 7-ஆம் ஃப்ரெட் பக்கம் இது சகஜம். கம்பியின் ஆற்றலைக் கழுத்து மரம் குடித்துவிடுகிறது. கம்ப்ரஸர் அந்த வாலைக் கொஞ்சம் நீட்டித் தரும், உயிர் தராது. அதே நோட்டை டி கம்பியில் ஐந்து ஃப்ரெட் மேலே வாசியுங்கள்.

ஸ்லாப் பண்ணினா ஒரே கம்ப்ரஸர் திணறுது.

திணறத்தான் செய்யும். ஸ்லாப்பில் கம்பியைக் கட்டைவிரலால் அடிப்பது ஒரு உயரம், ஆள்காட்டி விரலால் இழுத்து விடுகிற 'பாப்' அதற்கு மேல் ஒரு உயரம். இரண்டு பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள். முதலில் வேகமான ஃபெட், 8:1, முட்டுகிற சிகரங்களில் மட்டும் 3 டெசிபல். அடுத்து ஆப்டோ, மெதுவாக இன்னொரு 3 டெசிபல். ஒருவரே 6 டெசிபல் அமுக்குவதைவிட இது இயல்பாக இருக்கும்.

கிக் டிரம்மும் பேஸும் முட்டிக்குது.

கம்ப்ரஸரின் சைட்செயினுக்கு (வேறொரு ட்ராக்கின் சத்தத்தைப் பார்த்து அமுக்க வைக்கிற இன்புட்) கிக்கை அனுப்புங்கள். கிக் விழும் கணத்தில் பேஸ் 2 டெசிபல் ஒதுங்கினால் போதும். ஒதுங்குவது காதில் தெரிந்தால் அதிகம்.

பெடல் போட்ட சவுண்டும் வேணும், சுத்தமான சிக்னலும் வேணும். ரெண்டையும் ஒரே டேக்ல எடுக்கலாமா?

எடுக்கலாம். ஒரு டிஐ பாக்ஸ் வேண்டும், பேஸின் சிக்னலை மைக் இன்புட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற சின்னப் பெட்டி அது. பேஸை அதில் செருகுங்கள். எக்ஸ்எல்ஆர் முனை இன்டர்ஃபேஸின் முதல் மைக் இன்புட்டுக்கு, சிக்னலை அப்படியே வெளியே விடுகிற த்ரூ முனை பெடல் வழியாக இரண்டாவது இன்புட்டுக்கு. வாசிக்கும்போது காதில் பெடல் சத்தம் கேட்கும், மனசு மாறினால் சுத்தமானதும் கையில் இருக்கும்.

இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுவதில்தான் பொறி இருக்கிறது. டிஜிட்டல் பெடல் சத்தத்தை உள்ளே வாங்கிக் கணக்குப் போட்டு வெளியே விட ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். ஒரு மில்லிசெகண்ட் தாமதமே 500 ஹெர்ட்ஸில் குழி தோண்டிவிடும், குழாய்க்குள் வாசிப்பது போலக் கேட்கும். அனலாக் பெடலில் இந்தத் தாமதம் இல்லை, ஆனால் சில பெடல்கள் அலையைத் தலைகீழாக்கித் தரும். அப்போது சேர்த்ததும் அடிக்கனமே காணாமல் போகும், பொலாரிட்டி பொத்தானை அழுத்தினால் திரும்பி வரும். டிஜிட்டலுக்கு ஒரே வழி, பாட்டின் தொடக்கத்தில் ஒரு நோட்டை வெட்டென்று அடித்து வைத்து, இரண்டு ட்ராக்கையும் திரையில் பெரிதாக்கி, முதல் மேடு இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும்வரை பெடல் ட்ராக்கை இடப்பக்கம் நகர்த்துவது.